தேவனாம்பட்டினத்தில் கோட்டை எங்கே?

கேள்வி இது: "கடலூர் சில்வர் பீச் பக்கம் புனித டேவிட் கோட்டை இருந்தது என்கிறார்கள். போய்ப் பார்த்தால் இடிந்த சுவர் கொஞ்சம், புதர் கொஞ்சம், அவ்வளவுதான். செஞ்சியும் தரங்கம்பாடியும் நிற்கும்போது இது மட்டும் ஏன் காணாமல் போனது? நாட்டு வரலாற்றில் இதற்கு அவ்வளவு பெரிய இடம் உண்டா, இல்லை உள்ளூர்ப் பெருமைக்காகச் சொல்வதா?"

இடம் உண்டு. 1746 முதல் 1752 வரை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்குத் தென்னிந்தியத் தலைமையிடம் சென்னையல்ல, இந்தக் கோட்டைதான். அந்த ஆறு வருஷத்தில்தான் துணி வாங்கி விற்ற கும்பினி பட்டாளம் வைத்த கும்பினியாக மாறியது. கோட்டை காணாமல் போனதற்கு மழையையும் கடலையும் குறை சொல்ல வேண்டியதில்லை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து, அரண்களைத் தகர்க்கச் சொன்னார். இனி விரிவாக.

முதலில் இடம். கடலூரின் கடலோரப் பகுதியான தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், வடகரை மணல்மேட்டில் கோட்டை. கிழக்கே கடல், தெற்கே ஆறு. ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் பழைய கடலூர், அதாவது ஓ.டி. என்று நாம் சொல்லும் முதுநகர். மேற்கே மஞ்சக்குப்பம், அதற்கு அப்பால் திருப்பாதிரிப்புலியூர். வடக்கே சில மைலில் தென்பெண்ணை. அதையும் தாண்டினால் புதுச்சேரி, மொத்தம் 20 கிலோமீட்டர் சொச்சம். இவ்வளவு பக்கத்தில் இரண்டு ஐரோப்பியக் கும்பினிகள் கோட்டை கட்டி உட்கார்ந்ததால்தான் பின்னால் வந்த சண்டைகள் எல்லாம் இந்த இரண்டு ஆற்றுக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி நடந்தன.

இங்கே துறைமுகம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. கப்பல் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் சலங்குப் படகிலும் கட்டுமரத்திலும் அலை தாண்டிக் கரைக்கு வர வேண்டும். சென்னையிலும் அதே கதைதான், புதுச்சேரியிலும் அதே கதைதான். அப்படியானால் இந்த இடத்துக்கு என்ன தனி மதிப்பு? இரண்டு காரணங்கள். ஒன்று, சுற்றுப்புறத்து நெசவு. கும்பினிக்கு வேண்டியது துணி. தறி உள்ள ஊர்களுக்கு நடுவில் பண்டகசாலை இருந்தால் முன்பணம் கொடுப்பதும் துணி வாங்குவதும் எளிது.

மற்றது காற்று. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சித்திரையிலிருந்து ஆவணி வரை சோழகக் காற்று தெற்கிலிருந்து அடிக்கும், நீரோட்டமும் வடக்கு நோக்கி ஓடும். பாய்மரக் கப்பலுக்கு அந்தக் காலத்தில் தெற்கே இருப்பவன்தான் மேல்கை. ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல் புதுச்சேரியைப் பார்ப்பதற்கு முன்பே தேவனாம்பட்டினத்தைப் பார்த்துவிடும். இங்கிருந்து புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போவது இறக்கத்தில் வண்டி விடுவது மாதிரி. அங்கிருந்து இங்கே வருவதுதான் பாடு. ஐப்பசி பிறந்தால் வாடைக் காற்றும் புயலும் வந்துவிடும். எந்த நாட்டுக் கப்பற்படையானாலும் சோழமண்டலக் கரையை விட்டு ஓட வேண்டியதுதான். இந்தக் கோட்டையின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் இந்தக் காற்றை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். கீழே இரண்டு இடத்தில் இது மறுபடி வரும்.

கோட்டையை ஆங்கிலேயர் புதிதாகக் கட்டத் தொடங்கவில்லை. உள்ளூர் வணிகர் ஒருவர் எழுப்பிய சிறு கோட்டை ஏற்கெனவே இருந்தது. 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தபோது இதுவும் மராட்டியர் கைக்குப் போனது. டச்சுக்காரர், பழைய தமிழில் ஒலாந்தர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தேவனாம்பட்டினத்தில் வியாபாரம் பார்த்தவர்கள். ஆங்கிலேயர் 1680களின் தொடக்கத்தில் கடலூரில் பண்டகசாலை போட்டார்கள். 1689-ல் மராட்டியத் தலைநகர் ராய்கட்டை முகலாயர் முற்றுகையிட்டதும் சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே முகலாயப் படை வந்து கோட்டையைச் சூழ்ந்தது. அந்த முற்றுகை 1698 வரை நீண்டது. உள்ளே இருப்பவருக்குப் பணம் வேண்டும், கடற்கரையில் இருப்பவனிடம் பணம் இருக்கிறது. 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டை விலைபோனது இப்படித்தான். வாங்கியவர் அப்போது சென்னையின் கவர்னராக இருந்த எலிஹு யேல். ஆமாம், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவரேதான். யேல் குடும்பம் வேல்ஸ் நாட்டு வழி. அந்த நாட்டின் காவல் புனிதர் டேவிட். யேலின் தகப்பனார் பெயரும் டேவிட், சென்னையில் சிறுவயதிலேயே இறந்த மகன் பெயரும் டேவிட். கோட்டைக்கு அந்தப் பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை.

விற்பனைப் பேச்சில் ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்தது. கோட்டை மட்டுமல்ல, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரைக்கும் உள்ள நிலமும் ஊர்களும் கும்பினிக்கு. ஒப்பந்தத்தில் இருந்த ஆங்கிலச் சொல் 'ரேண்டம் ஷாட்'. இன்றைய அர்த்தத்தில் 'ஏதோ ஒரு குண்டு' என்று எடுத்துக்கொண்டு பலர் சிரிப்புக் கதையாகச் சொல்கிறார்கள். அது பீரங்கிக்காரரின் தொழிற்சொல். குழாயைத் தரைக்கு இணையாக வைத்துச் சுடுவது ஒரு வகை. அதில் குறி தப்பாது, தூரம் குறைவு. குழாயின் வாயை நன்றாக மேலே தூக்கிச் சுடுவது இன்னொரு வகை. குறி நிற்காது, ஆனால் குண்டு போகக்கூடிய மட்டும் போகும். இந்த இரண்டாவதுதான் ரேண்டம் ஷாட். ஆகவே எழுத்திலிருந்த சொல்லே வாங்குபவனுக்குச் சாதகம்.

சென்னையிலிருந்து போன உத்தரவும் அதைத் தெரிந்துதான் போனது. இருப்பதிலேயே நல்ல பீரங்கியைப் பயன்படுத்து, மருந்து கெட்டிப்பதும் சுடுவதும் பீரங்கிக்காரன் கைத்திறமை என்று பொருள்பட எழுதினார்கள். எவ்வளவு மருந்து, குண்டு குழாய்க்குள் எவ்வளவு இறுக்கம், குழாயின் சாய்வு, காற்று எந்தப் பக்கம்: இந்த நாலைப் பொறுத்து ஒரே பீரங்கி அரை மைல் கூடவும் போடும், குறையவும் போடும். 1690 செப்டம்பரில் கோட்டையிலிருந்து பல திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர் நின்றது. நிலத்தைச் சங்கிலி போட்டு அளப்பார்கள், கோல் போட்டு அளப்பார்கள். வெடி போட்டு அளந்த இடம் வேறு உண்டா தெரியாது, கடலூர் உண்டு.

இதைச் சும்மா வேடிக்கையாக விட்டுவிடக் கூடாது. குண்டு எல்லைக்குள் கும்பினிக்குக் கிடைத்தது வெறும் மண்ணல்ல. வரி வாங்கும் உரிமை, நீதி சொல்லும் உரிமை, நெசவாளரைக் குடியமர்த்தும் உரிமை எல்லாம் கிடைத்தன. கையெழுத்துப் போட்ட மராட்டியர் 1698-ல் செஞ்சியை இழந்ததும் சிக்கல் வந்தது. முகலாயர் சார்பில் செஞ்சிக்கு வந்த சொரூப்சிங், கிராமங்களின் வரிப்பாக்கியைக் கேட்டுக் கும்பினியோடு மல்லுக்கு நின்றார். 1710-ஐ ஒட்டி அது கைகலப்பாகி, 1712-ல்தான் ஓய்ந்தது. சொரூப்சிங் வேறு யாருமல்ல, தேசிங்கு ராஜாவின் தகப்பனார். மகனைப் பற்றிப் பாடும் நாட்டுப்பாடல் நமக்குத் தெரியும். தகப்பன் கடலூர் வெள்ளைக்காரனோடு வரிக்குச் சண்டை போட்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1725-க்குப் பிறகு கோட்டையைப் பலப்படுத்தும் வேலை வேகமெடுத்தது. மூல வடிவம் சின்னது: நீண்ட சதுரம், நான்கு மூலையிலும் கொத்தளம். பெரிய மலைக்கோட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஏமாற்றம் தரும். பீரங்கிக் காலத்துக் கடற்கரைக் கோட்டையின் இலக்கணமே வேறு. சுவர் உயரமாக இருந்தால் குண்டுக்கு நல்ல குறி. அதனால் தாழ்வாக, தடிப்பாக, பின்புறம் மண் அணைத்துக் கட்டுவார்கள். கொத்தளம் சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்பது அழகுக்காக அல்ல. சுவரடியில் ஒட்டிக்கொண்ட எதிரியை அடுத்த கொத்தளத்திலிருந்து பக்கவாட்டில் சுட வேண்டும், அதற்காக. சுற்றி அகழி. அகழிக்கு வெளியே முக்கோண வடிவிலும் கொம்பு வடிவிலும் முன்னரண்கள். அதற்கும் வெளியே, எதிர்க்கரையிலிருந்து வெளிநிலம் நோக்கி மெதுவாக இறங்கும் மண்சரிவு. அந்தச் சரிவில் ஏறி வருகிறவனுக்கு ஒளிய இடமே இருக்காது.

சுரங்கம் பற்றிய பேச்சும் இங்கேதான் வருகிறது. 'கோட்டைக்குள்ளிருந்து புதுச்சேரிக்குச் சுரங்கம் போகிறது', 'செஞ்சிக்குப் போகிறது' என்று சொல்லாத ஆளில்லை. சுரங்கம் இருந்தது உண்மை. அது போன இடம்தான் வேறு. அகழிக்கு வெளியே சொன்னேனே, அந்த மண்சரிவின் அடியில் கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வரும் நிலவறைப் பாதை. சற்றுத் தூரத்துக்கு ஒன்றாக அதிலிருந்து வெளிப்பக்கம் செங்குத்தாகக் கிளைகள். ஒவ்வொரு கிளையின் முடிவிலும் வெடிமருந்து வைக்கும் அறை. எதிரி மண்சரிவில் பள்ளம் தோண்டிக்கொண்டு நெருங்கினால், அவன் காலடியில் இருக்கும் அறையைக் கொளுத்துவார்கள். காவலாள்கள் குண்டுக்குத் தலைகாட்டாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகவும் இதுவே வழி. தென்கிழக்கில் கடலோரம் வரைக்கும் தெற்கே கெடிலக்கரை வரைக்கும் கிளைகள் போயின. அதோடு சரி. இந்த ஊர் மண்ணில் தோண்டிப் பார்த்தவருக்குத் தெரியும்: ஆளுயரம் தோண்டினால் மணல் சரியும், தண்ணீர் ஊறும். நடுவில் தென்பெண்ணை வேறு. 20 கிலோமீட்டர் சுரங்கம் எந்தக் கணக்கிலும் வராது.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். நிர்வாகம் தேவனாம்பட்டினத்துக்கு மாறியது. சென்னையில் எழுத்தராக இருந்த ராபர்ட் கிளைவ் இந்தியர் உடையில் தப்பி இங்கே வந்து சேர்ந்தார். 21 வயது. பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தது இந்தக் கோட்டையில்தான். 1747-ல் கீழ்நிலை ராணுவ அதிகாரியாக நியமனம் கிடைத்தது.

அதற்கு முன்பே, 1746 டிசம்பரில், புதுச்சேரியின் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளே அனுப்பிய படை தென்பெண்ணையைத் தாண்டி வந்தது. ஆயிரத்துக்கு மேல் ஆள். கோட்டைக்குள் ஐரோப்பியச் சிப்பாய்கள் சுமார் 200 பேர்தான். வந்தவர்கள் கோட்டைக்கு மேற்கே, மஞ்சக்குப்பத்தில் இருந்த கவர்னரின் தோட்ட வீட்டைச் சுலபமாகப் பிடித்தார்கள். நடந்து வந்த களைப்பு. துப்பாக்கியைச் சாத்திவிட்டுச் சமையலில் இறங்கினார்கள். அப்போதுதான் ஆற்காட்டு நவாபு அன்வருத்தீனின் மக்கள் மாபூஸ்கானும் முகமது அலியும் குதிரைப்படையோடு வந்துவிட்டார்கள் என்று சத்தம் கிளம்பியது. அவ்வளவுதான், அவரவர் ஆற்றைப் பார்த்து ஓட்டம். சாமான்கள் பல தோட்டத்திலேயே கிடந்தன. கோட்டை பிழைத்தது அதன் கொத்தளத்தால் அல்ல, நவாபு வீட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததால். கும்பினி புகழ் பாடுகிறவர்கள் இந்த வரியை மெல்லச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம்.

1748 ஜனவரியில் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் வந்து இறங்கினார். அதுவரை கும்பினியின் ஆட்கள் பண்டகசாலைக் காவலாளிகள் மாதிரிதான்: தனித்தனிக் கம்பெனி, தனித்தனிப் பழக்கம், ஒரே பயிற்சி கிடையாது. லாரன்ஸ் அவற்றை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். 'இந்திய ராணுவத்தின் தந்தை' என்று பின்னால் அவரைச் சொன்னது இதற்காகத்தான். திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் ரோட்டில் துணி எடுக்கப் போகிறவர்கள் அந்தப் பெயர் யாருடையது என்று ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

அந்த ஜூன் மாதம் நடந்தது அவர் எப்படிப்பட்டவர் என்று காட்டும். துய்ப்ளே மறுபடி படை அனுப்பினார். கணக்குப்படி 800 ஐரோப்பியர், 1,000 இந்தியச் சிப்பாய்கள். அவர்கள் குறி கோட்டையல்ல, கடலூர் நகரம். வண்டிப்பாளையம் பக்கத்து மேட்டில் வந்து தங்கினார்கள். லாரன்ஸ் பட்டப்பகலில், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி, நகரத்துக் காவலையும் பீரங்கிகளையும் எடுத்துக் கோட்டைக்குக் கொண்டுபோனார். நகரத்தைக் கைவிட்டார்கள் என்று ஒற்றர்கள் ஓடிப்போய்ச் சொல்லட்டும் என்பதுதான் திட்டம். இருட்டியதும் ஆளும் பீரங்கியும் சத்தமில்லாமல் திரும்பி நகரத்துக்கே வந்தன. நடு ராத்திரியில் பிரெஞ்சுக்காரர் ஏணியைத் தூக்கிக்கொண்டு காலி மதில் என்று நினைத்து நெருங்கினார்கள். மதில்மேல் முழுக்க ஆள். ஏணியைப் போட்டுவிட்டு ஓடினவர்கள் புதுச்சேரியில் போய்த்தான் நின்றார்கள்.

பதிலுக்கு ஆகஸ்ட்டில் கடற்தளபதி பாஸ்கவன் பெரிய கப்பற்படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். அரியாங்குப்பத்துச் சிறு கோட்டையிலேயே நாள் போயிற்று, லாரன்ஸ் அங்கே பிடிபட்டார். அக்டோபர் வந்தது, மழை வந்தது, முற்றுகை கலைந்தது. முதல் தடவை சொன்ன காற்றுக் கணக்கு இது. அடுத்த ஏப்ரலில் இன்னும் மோசம்: தேவனாம்பட்டினத்துக்கு எதிரே நின்ற பாஸ்கவனின் 'நாமூர்' கப்பல் புயலில் சிக்கி 500-க்கு மேற்பட்டவர்களோடு மூழ்கியது. 'பெம்புரோக்' கப்பலும் அதே புயலில் போனது. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் இந்தக் கரையில் செய்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் சமாதானமாகி 1749-ல் சென்னை திரும்பக் கிடைத்தது. ஆனாலும் தலைமையிடம் 1752 வரை இங்கேயே இருந்தது. இந்த இடைவெளிதான் முக்கியம். 1751-ல் பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிபு, கும்பினி ஆதரித்த முகமது அலி இருந்த திருச்சியை நெருக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய தலைநகரமான ஆற்காட்டைத் தாக்கிக் கவனத்தைத் திருப்பலாம் என்ற யோசனையை ஒப்புக்கொண்டவர் இங்கிருந்த கவர்னர் தாமஸ் சாண்டர்ஸ். கிளைவுக்குக் கொடுத்தது 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள். அதைக் கொடுத்த பிறகு இந்தக் கோட்டையில் மிஞ்சியது 100 பேர், சென்னையில் 50 பேர் கூட இல்லை. கோட்டையைக் காலி செய்து ஆற்காட்டின்மேல் பந்தயம் கட்டினார்கள். அது பலித்தது. பலிக்காமல் போயிருந்தால் கெடிலக்கரையில் அன்றே கணக்கு முடிந்திருக்கும். கிளைவை வீரனாக எழுதுகிற பக்கங்கள் ஏராளம். இரண்டு கோட்டையையும் வெறுமையாக வைத்துக் கையெழுத்துப் போட்ட சாண்டர்ஸின் துணிச்சல்தான் பெரிது என்பது என் எண்ணம்.

இங்கிலாந்து போய்த் திரும்பிய கிளைவ் 1756 ஜூனில் இந்தக் கோட்டையின் பொறுப்பை ஏற்றார். அதே ஜூனில் கும்பினியின் கல்கத்தா, வங்காள நவாபு சிராஜ் உத்தௌலாவிடம் விழுந்தது. சில மாதத்தில் கிளைவ் வங்காளத்துக்குக் கப்பலேறினார். அடுத்த ஜூனில் பிளாசி. 'கடலூர் கலெக்டராக இருந்த கிளைவ்' என்று சில இடங்களில் படிக்கலாம், அது தவறு. கலெக்டர் என்ற பதவி இங்கே பிறகு வந்தது. கும்பினி தென்னாற்காட்டை நேரடியாக எடுத்துக்கொண்டதே 1801-ல்தான்.

இனி வீழ்ச்சி. 1758 ஏப்ரல் 28 அன்று லாலி புதுச்சேரியில் வந்து இறங்கினார். இறங்கிய கையோடு கடலூருக்குப் படையைக் கிளப்பினார். இழுவைக்கு மாடில்லை, சுமைக்கு ஆளில்லை. புதுச்சேரியில் சாதி பாராமல் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். காரியம் நடந்தது, ஊர் அவருக்கு எதிரியாயிற்று. கடலூர் நகரம் மே 4 அன்று சரணடைந்தது. கோட்டைக்கு முற்றுகை முறைப்படி நடந்தது: முதலில் வெளியே இருந்த சிறு காவல் அரண்கள், பிறகு வளைந்து வளைந்து நெருங்கும் பள்ளங்கள், பிறகு பீரங்கி மேடை, வானத்துக்குத் தூக்கி உள்ளே போடும் வெடிகுண்டுகள்.

கோட்டையின் குறைகள் அப்போது வெளியே வந்தன. உள்ளிடம் சின்னது, முன்னரண்கள் நிறைய. முன்னரண் எல்லாவற்றிலும் ஆள் நிறுத்தினால் நடுக்கோட்டைக்கு ஆளிருக்காது. எல்லாரும் உள்ளே வந்தால் தங்க இடமிருக்காது. நெருக்கமான இடத்தில் மேலிருந்து விழும் ஒவ்வொரு வெடிகுண்டும் யாரையாவது காயப்படுத்தும். கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவிலிருக்கும் மணல்மேட்டில் நல்ல தண்ணீர் எப்போதுமே அளவுதான்.

இத்தனைக்கும் உதவி பக்கத்திலேயே இருந்தது. ஆங்கிலக் கடற்தளபதி போகாக்கின் கப்பற்படை ஏப்ரல் 29-ல் கடலூருக்கு எதிரே பிரெஞ்சுக் கப்பற்படையோடு மோதிவிட்டுப் பழுது பார்க்கச் சென்னைக்குப் போனது. போனது எளிது. திரும்பி வர முடியவில்லை. சோழகம் எதிரே, நீரோட்டமும் எதிரே. எந்தக் காற்று இந்த இடத்துக்கு மதிப்பைக் கொடுத்ததோ அதே காற்று உதவியை வரவிடாமல் தடுத்தது. ஜூன் 2 அன்று கோட்டை சரணடைந்தது. தளபதி போலியரை ஆங்கிலேயர் பிறகு கடுமையாகக் குறை சொன்னார்கள். அவர் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருக்கலாம்தான். ஆனால் குறையில் பாதி கோட்டையைத் திட்டமிட்டவர்கள் பங்கு.

லாலி அரண்களைத் தகர்த்தார். 1760-ல் ஆங்கிலேயர் கடலூரைத் திரும்பப் பிடித்தார்கள். 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரியும் விழுந்தது. அங்கே 1706-ல் கட்டி முடித்த ஐங்கோண வடிவ லூயி கோட்டையை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். நகரத்தையும் விடவில்லை. தேவனாம்பட்டினத்துக்குப் பழி என்று வெளிப்படையாகவே பேசப்பட்டது. ஆகவே இன்று புதுச்சேரியில் கோட்டை ஏன் இல்லை என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்கும் பதில் பாதி கடலூரில் இருக்கிறது.

1782-ல் ஹைதர் அலியின் துணையோடு பிரெஞ்சுக்காரர் மறுபடி கடலூரைப் பிடித்தார்கள். 1783 ஜூனில் ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட் அதை மீட்க வந்தார், உள்ளே தளபதி புஸ்ஸி. ஜூன் 13-ல் ஊருக்குத் தெற்கே கடும் சண்டை, ஜூன் 20-ல் கடலில் பிரெஞ்சுக் கடற்தளபதி சஃப்ரனுக்கும் ஆங்கிலக் கடற்தளபதி ஹியூஸுக்கும் மோதல். பிறகு ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்து சேர, சண்டை அப்படியே நின்றது. இது நகரத்துக்கும் அதன் தெற்கு வெளிக்கும் நடந்த முற்றுகை. டேவிட் கோட்டை முற்றுகை என்றால் 1758. இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். 1785-ல் ஊர் கடைசியாக ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது சென்னைதான் எல்லாம் என்றாகிவிட்டது. கோட்டையைத் திரும்பக் கட்ட யாருக்கும் அவசியமில்லை.

மேலும் படிக்க விரும்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் காலத்துத் தேதிகள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். 1752 வரை ஆங்கிலேயர் பழைய காலண்டரில் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர் புதியதில். 18ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 11 நாள். சென்னை விழுந்தது ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள். லாரன்ஸின் ராத்திரிச் சண்டைக்கும் 'நாமூர்' மூழ்கியதற்கும் இதே கதை. அதோடு பழைய முறையில் ஆங்கிலேயருக்கு வருஷம் பிறப்பது மார்ச் 25-ல். ஜனவரி, பிப்ரவரிக் கடிதங்களில் வருஷம் ஒன்று குறைவாக இருந்தால் அது எழுத்துப் பிழையல்ல. பெயரிலும் கவனம் வேண்டும்: 'தெக்னாபட்டம்' என்றால் தேவனாம்பட்டினம், 'போர்ட்டோ நோவோ' என்றால் பரங்கிப்பேட்டை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தமிழ் நாட்குறிப்பு கையில் கிடைத்தால் அதையே முதலில் படிக்கலாம். துய்ப்ளேவின் பக்கத்திலிருந்து பார்த்த கடலூர் அதில் இருக்கிறது.

நேரில் பார்க்க அரை நாள் போதும், வரிசைதான் முக்கியம். கோட்டையிலிருந்து தொடங்காதீர்கள், ஒன்றும் புரியாது. மஞ்சக்குப்பத்தில் தொடங்குங்கள். 1733-ல் கட்டிய கார்டன் ஹவுஸ் அங்கே கலெக்டரின் குடியிருப்பாக இருக்கிறது. உள்ளே விட மாட்டார்கள், வெளியிலிருந்து பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர் சமையலைப் போட்டுவிட்டு ஓடிய தோட்டம் அதுதான். அங்கிருந்து கிழக்கே பெரியார் கலைக் கல்லூரி வழியாகத் தேவனாம்பட்டினத்துக்கு வாருங்கள். கோட்டைக்கும் தோட்டத்துக்கும் இடையே உள்ள தூரம் வண்டியில் வரும்போதே பிடிபடும், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பீச்சில் நிற்காமல் தெற்கே கெடிலக்கரைக்குத் திரும்பினால் இடிபாடு. சுவரைத் தேடாதீர்கள், தரையின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். நீளமாக ஒரு தாழ்வு, அதையடுத்து மேடு என்று வந்தால் அது பெரும்பாலும் அகழியும் அதன் கரையும். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் அது கண்ணுக்குத் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் ஒரே மணல். புதருக்குள் செங்கல் வாய் ஏதாவது தெரிந்தால் தலையை நுழைக்க வேண்டாம், மணலடிக் கட்டடம் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

பிறகு கெடிலத்தைத் தாண்டி முதுநகர் போய், அங்கிருந்து மேற்கே கேப்பர் மலை. 1748-ல் பிரெஞ்சுக்காரர் வந்து தங்கிய மேடு அந்தப் பக்கம்தான். 1783-ல் ஸ்டூவர்ட்டின் படைக்கும் அதே சுற்றுவட்டாரம். மேலே நின்றால் நகரம், ஆறு, கடல் மூன்றும் ஒரே பார்வையில் வரும். கோட்டையை விட்டு நகரத்தை ஏன் குறிவைத்தார்கள் என்பது வரைபடம் இல்லாமலே விளங்கும்.

திரும்பும்போது புதுச்சேரிப் பக்கம் போகிறவர்கள் தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் முள்ளோடையில் மாநில எல்லையைக் கடப்பார்கள். அங்கே பலர் வண்டியை நிறுத்துவது வரலாற்றுக்காக அல்ல என்பது தெரிந்ததே. இரண்டு கோட்டைகளும் போன பிறகும் அவை இழுத்த கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. 1918 நவம்பர் 20 அன்று பாரதியார் புதுச்சேரியிலிருந்து அந்த எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் கடலூர் அருகே கைதானார். டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார்.